வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கலாமா?

(குடவாசலில் நடந்த நமது கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், ஒரே தெருவைச் சேர்ந்த ஆறு உறுப்பினர்கள் சேர்ந்து தயாரித்து, முறை வைத்துப் பேசிய பேச்சு. அன்று வர முடியாத சகோதரிகளுக்காக இங்கே தருகிறோம்.)



மைக் பிடித்துப் பேசி எங்களுக்குப் பழக்கம் இல்லை. நடவு வயல் என்றால் நாலு வரப்பு தாண்டிக் கேட்கிற மாதிரி பேசுவோம். இங்கே வந்து நின்றால் தொண்டை அடைக்கிறது. அதனால் ஆறு பேரும் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, பேசி, சண்டை போட்டு, எழுதி எடுத்து வந்திருக்கிறோம். யார் எந்தப் பக்கத்தைப் படிப்பது என்பதிலும் சண்டைதான். குற்றம் குறை இருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள்.

போன மாதக் கூட்டத்தில் நம் தங்கச்சி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, என் பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திட்டு நானே வீட்டுல வச்சு சொல்லிக் கொடுத்தா என்ன? பெங்களூரு, சென்னையில எல்லாம் அம்மாக்கள் அப்படிச் செய்றாங்களாம். செல்போன்ல காட்டுறாங்க. நானும் பன்னிரண்டாவது படிச்சிருக்கேன்ல?" என்றாள். பல பேர் சிரித்தீர்கள். நாங்கள் ஆறு பேரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் நாங்கள் அதைச் செய்தவர்கள். ஆசைப்பட்டுச் செய்யவில்லை, வேறு வழியில்லாமல் செய்தோம். ஆனாலும் செய்தோம். அதைக் கேட்டுத்தான் தலைவி அக்கா, "அடுத்த மாதம் நீங்களே வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டார்.

2020 மார்ச் மாதம் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். முதலில் பதினைந்து நாள் என்றோம், அப்புறம் ஒரு மாதம் என்றோம். ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு மறுபடி பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. எண்ணிப் பாருங்கள், 19 மாதத்துக்கு மேல். ஒன்றாம் வகுப்பில் அ, ஆ எழுதிக்கொண்டிருந்த பிள்ளை மூன்றாம் வகுப்பில்தான் மறுபடி வாத்தியார் முகத்தைப் பார்த்தது.

அந்த வருஷம் இன்னொன்றும் நடந்தது. 2020இல் மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். அந்தத் தேதியில் திறந்து பல வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் வந்ததும் குறுவைக்கு எல்லாரும் வயலில் இறங்கினோம். நல்ல வேலை. ஆனால் பிள்ளைகளை எங்கே விடுவது? வீட்டில் விட்டால் ஆறு, வாய்க்கால் என்று பயம். அதனால் கூடவே வயலுக்குக் கூட்டிப் போனோம். கொஞ்ச நாளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நாற்றுக்கட்டு தூக்கியது. ஏழாம் வகுப்புப் பிள்ளை வரிசையில் நின்று நட்டது. "பரவாயில்லையே, நல்லா நடுதே" என்று நாமேதான் மெச்சினோம். அப்போது அது தப்பாகத் தெரியவில்லை.

எங்களில் ஒரு அண்ணிக்கு மட்டும் அது உறுத்தியது. அவர் மகன் நான்காம் வகுப்பு. ஒருநாள் ரேஷன் கடைப் பலகையில் எழுதியிருந்ததைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். பையன் எழுத்துக் கூட்டித் திணறினான். ஆறு மாதம் முன்னால் பாடப் புத்தகத்தைத் தடதடவென்று வாசித்தவன். அண்ணி அன்றைக்குச் சமைக்கவில்லை. நேரே எங்கள் வீடுகளுக்கு வந்து, "புள்ளைங்க எல்லாத்தையும் மறந்துடுச்சுங்கடி" என்று சொல்லி அழுதார்.

அப்படித்தான் திண்ணை தொடங்கியது. கீழத்தெருப் பெரியம்மா ஒருவர் வீட்டில் பெரிய திண்ணை. சாயங்காலம் ஐந்து மணி, வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து உட்காருவோம். முதல் நாள் 11 பிள்ளைகள். ஆறு பேரில் ஒருவர்தான் பட்டப்படிப்பு. இரண்டு பேர் பத்தாவது, ஒருவர் எட்டாவது, ஒருவர் ஐந்தாவது. இன்னொருவர் பள்ளிக்கூடமே போகாதவர். பிறந்த வீடு கந்தர்வகோட்டைப் பக்கம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்ததே, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது பெண்கள் எல்லாம் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்களே, அந்த அறிவொளியில் லாந்தர் வெளிச்சத்தில் எழுதப் படிக்கக் கற்றவர். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்களில் மிக நல்ல வாத்தியார் அவர்தான். எழுத்து தெரியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத்தான் ஞாபகம் இருந்தது. பிள்ளை திணறினால் மற்றவர்களுக்குக் கோபம் வரும். அவருக்கு வராது.

தொலைக்காட்சியிலும் பாடம் வந்தது. கல்வித் தொலைக்காட்சி 2019இலேயே தொடங்கியிருந்ததால் கொரோனா காலத்தில் அதில் வகுப்புகள் போட்டார்கள். பெரிய பிள்ளைகளுக்குச் செல்போனில் பாடம் வந்தது. 11 வீட்டில் பெரிய போன் இருந்தது மூன்றில். அதுவும் அப்பா வேலைக்குப் போனால் போனும் போய்விடும். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் வீட்டிலும் அதே கதைதான். அம்மாக்களுக்குள் போனில் ஒரு குழு வைத்துக்கொண்டோம். "இன்று ஏழாம் வாய்ப்பாடு, நாளை யார் வருவீர்கள்" என்ற அளவுக்கு அது உதவியது. இரண்டு மாதத்தில் அதில் பூப்படம், காலை வணக்கம் என்று வர ஆரம்பித்ததும் ஒரு அக்கா கோபித்துக்கொண்டு வெளியேறினார். அவரைத் திரும்பக் கூட்டி வர ஒரு வாரம் ஆனது.

என்ன சொல்லிக் கொடுத்தோம் என்று கேட்பீர்கள். புத்தகத்தில் எங்களுக்குப் புரிந்ததை அப்படியே சொன்னோம். புரியாததை எங்களுக்குத் தெரிந்த வழியில் சொன்னோம். புள்ளிக் கோலம் போட்டால் பெருக்கல் வந்துவிடுகிறது. ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு புள்ளி, மொத்தம் எத்தனை? எண்ணுகிற பிள்ளை எண்ணும், பெருக்குகிற பிள்ளை பெருக்கும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, மூன்று மா ஏறத்தாழ ஒரு ஏக்கர் என்பதை வயல் வரப்பில் நடத்திக் காட்டினோம். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று பெரியம்மா சொன்னபோது, அந்தக் கணக்கு இந்தப் பிள்ளைகளுக்குப் புதிது என்று தெரிந்து எங்களுக்கே ஆச்சரியம். பஸ் பலகையில் வலங்கைமான், நாச்சியார்கோவில், கொரடாச்சேரி, நன்னிலம் என்று ஊர்ப்பெயர் எழுதி வாசிக்க வைத்தோம். படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால், பிள்ளை வாசிக்கட்டும், அம்மா கேட்டு அர்த்தம் கேட்கட்டும் என்று வைத்தோம். இது நன்றாக வேலை செய்தது. அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றால் பிள்ளைக்கு முதலில் விளங்கியிருக்க வேண்டும் அல்லவா?

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பெரிய பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கு சொல்ல நம் குழுவின் கடன் பதிவேட்டையே எடுத்தோம். 5,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை, மாதம் அசல் 500. முதல் மாத வட்டி 50, அடுத்தது 45, அப்புறம் 40 என்று குறைந்து, கடைசி மாதம் 5. மொத்த வட்டி 275 வர வேண்டும். ஆறாம் வகுப்புப் பெண் ஒன்று எழுந்து, "அத்தை, இந்த நோட்டுல 280 இருக்கு" என்றது. பார்த்தால் மூன்றாவது மாதமும் 45 என்றே எழுதி வசூல் பண்ணியிருக்கிறோம். பதிவேடு எழுதியவர் எங்களில் ஒருவர்தான். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டு, அந்த உறுப்பினருக்கு 5 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தோம். அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குத் தெருவில் 'ஆடிட்டர்' என்று பெயர்.

எல்லாம் இனிப்பாகப் போகவில்லை. பிள்ளைகள் 23 ஆனபோது காலனிப் பிள்ளைகளும் வந்தார்கள். நாங்கள்தான் கூப்பிட்டோம். மறுநாள் இரண்டு வீட்டில் பிள்ளைகளை அனுப்பவில்லை. காரணம் கேட்டால் தலைவலி, சளி. எங்களுக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். குழுக் கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து சேமிப்புப் பணம் எண்ணுகிறோம், ஒரே கடனுக்குச் சேர்ந்து கையெழுத்துப் போடுகிறோம். திண்ணைக்கு மட்டும் என்ன? பெரியம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார். "என் திண்ணை. யார் உக்காரணும்னு நான் சொல்றேன்." இரண்டில் ஒரு வீடு பத்து நாளில் பிள்ளையை அனுப்பியது. இன்னொரு வீடு கடைசிவரை அனுப்பவில்லை. அந்தப் பிள்ளை வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

2021 அக்டோபரில் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தொடங்கி வைத்தார். சாயங்காலத்தில் தெருவிலேயே ஒன்று ஒன்றரை மணி நேரம் பாடம், தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாடு முழுவதும் ஏறத்தாழ 2 லட்சம் பேர் தன்னார்வலர் ஆனார்கள். அதில் பெரும்பாலும் பெண்கள்தான், நம்மை மாதிரி அம்மாக்கள்தான். எங்களில் பட்டம் படித்தவர் அதில் சேர்ந்தார். திண்ணை அப்படியே மையம் ஆனது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வீடு வீடாகப் போய்ச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பள்ளி மூடியதில் பிள்ளைகள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள் திரும்பி வந்துவிட்டதாம். அப்படித் திரும்பி வந்ததில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது நூற்றுக்கு 24, இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது என்று கணக்கிட்டார்கள். நம் அலுவலகத்தில் இதைப் படித்துக் காட்டியபோது, அறிவொளி அக்கா, "அப்ப மீதி முக்காலும் பள்ளிக்கூடத்தாலதானே?" என்று கேட்டார். நாங்கள் கால் பங்கைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தோம். அவர் முக்காலைப் பார்த்தார்.

இப்போது கேள்விக்கு வருவோம். பிள்ளையை நிறுத்தி வீட்டில் வைக்கலாமா?

நகரத்தில் அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. பரீட்சை, மார்க், அடி, வேன், டியூஷன் என்று பிள்ளை நசுங்குவதைப் பார்த்துச் சலித்துப்போனவர்கள். பெரும்பாலும் அப்பா அம்மா இருவரும் நிறையப் படித்தவர்கள். ஒருவர் சம்பாதித்தால் வீடு ஓடும், இன்னொருவர் பிள்ளையோடு இருக்கலாம். வெளிநாட்டிலும் இது புதிதல்ல. அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்பவர் 1977இல் இப்படிப்பட்ட பெற்றோருக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார். அதில் பெரும்பகுதி அப்பா அம்மாக்கள் எழுதிய கடிதங்கள். என் பிள்ளை எட்டு வயதாகியும் படிக்கவில்லை, உங்கள் பிள்ளை எப்போது படித்தது என்று ஒரு வீடு கேட்கும், இன்னொரு ஊரிலிருந்து பதில் வரும். நம் செய்தி மடல் மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே எல்லா மாநிலத்திலும் அது சட்டப்படி செல்லும். ஜெர்மனியில் கூடாது, பிள்ளை பள்ளிக்கூடம் போயே ஆக வேண்டும்.

நம் பக்கத்திலும் பழைய கதை உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்பா விடவில்லை, வீட்டிலேயே படிக்க ஏற்பாடு செய்தார். 1902இல் மெட்ரிக் தேர்வு எழுதித் தேறினார். பிறகு ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரி, அப்புறம் சென்னை மருத்துவக் கல்லூரி, சட்டசபை, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று போனது அவர் வாழ்க்கை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் அப்பா கல்லூரி முதல்வர், சகோதரிகளே. நம் வீட்டில் யார் முதல்வர்?

காந்தியடிகள் கூடத் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தானே சொல்லிக் கொடுக்கப் பார்த்தார். நேரம் கிடைக்கவில்லை. ஏட்டுப் படிப்பு குறைந்துபோனதில் பிள்ளைகளுக்கு மனக்குறை இருந்ததைத் தன் சுயசரிதையில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். மகாத்மாவுக்கே நேரம் போதவில்லை. நமக்குக் களை பறிப்பு, நூறு நாள் வேலை, மாடு, மாமியார்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசப் படிப்பு உரிமை. பிள்ளையைப் பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று 10ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காவிட்டால் பெற்றோருக்கு இன்ன தண்டனை என்று அதில் எழுதவில்லை. நடுவில் நின்றுபோன பிள்ளையை அதன் வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. 'விட்டுப்போச்சு, இனிமே எப்படி' என்று யாரும் நினைக்க வேண்டாம். 14417 என்ற எண்ணில் பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்கலாம்.

வீட்டிலேயே கல்வி என்பதை அந்தச் சட்டமே ஒரு இடத்தில் ஒப்புக்கொள்கிறது. பலவகைக் குறைபாடோ, கடுமையான குறைபாடோ உள்ள பிள்ளைக்கு அது உரிமை என்று 2012இல் திருத்தம் செய்தார்கள். எங்களில் எட்டாவது படித்தவரின் மகள் அப்படிப்பட்ட பிள்ளை. மூளை முடக்குவாதம். தானாக உட்கார வராது. பேச்சு எங்களுக்குப் புரியாது, அம்மாவுக்குப் புரியும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருகிறார், இயன்முறைப் பயிற்சி சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் அவர் வருகிற நாள் போக மற்ற நாளெல்லாம் அம்மாதான் வாத்தியார். புளியங்கொட்டையை வரிசை வைத்து எண்ணச் சொல்வார். பிள்ளை கண்ணால் எண்ணும், சரியான இடம் வந்ததும் சிரிக்கும். அந்தச் சிரிப்புதான் விடை. எண்ணிக்கை நூறைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயர் பள்ளிக்கூடப் பதிவேட்டில் இருக்கிறது. சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்து போகிறார்கள். அந்தச் சனிக்கிழமைக்காக வெள்ளி ராத்திரியே தூங்காதாம். இந்த அக்காவைவிட வீட்டில் பாடம் சொல்வதைப் பற்றித் தெரிந்தவர் நம் வட்டாரத்தில் யாரும் இருக்க முடியாது. அவரே சொல்கிறார், "தூக்கிட்டுப் போய் உக்கார வைக்க ஒரு வழி இருந்தா, நான் நாளைக்கே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிடுவேன்."

வீட்டில் வைத்ததால் நாங்கள் இழந்ததையும் சொல்ல வேண்டும். இதைச் சொல்லலாமா என்று அந்தத் தாயிடம் கேட்டோம். சொல்லுங்கள் என்றார். அவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். எங்கள் திண்ணைக்கு வந்த பெரிய பையன், கொரோனா வருஷம் ஒன்பதாம் வகுப்பு. கெட்டிக்காரன், சின்னப் பிள்ளைகளுக்கு அவனே சொல்லிக் கொடுப்பான். வீட்டில் கடன். 'சும்மாதானே இருக்கான்' என்று திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அனுப்பினார்கள். 2021 செப்டம்பர் 1இல் பெரிய வகுப்புகள் திறந்தன. அவன் பத்தாம் வகுப்புக்கு வரவில்லை. நாங்கள் ஆறு பேரும் சிறு பிள்ளைகளுக்கு எழுத்து வந்துவிட்டதே என்ற சந்தோஷத்தில் இருந்தோம், அவனைப் போய்க் கேட்கவே இல்லை. கேட்டபோது பொங்கல் தாண்டிவிட்டது. கையில் காசு பார்த்த பையன், "இனிமே எங்க அத்தை" என்றான். பள்ளிக்கூடம் என்றால் வருகைப் பதிவேடு இருக்கும். ஒருநாள் வராவிட்டால் யாராவது கேட்பார்கள். திண்ணையில் பதிவேடு இல்லை.

அதே காலத்தில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒன்றுக்குக் கல்யாணம் பேசினார்கள். பத்துப் பேரோடு முடித்துவிடலாம், செலவு குறைவு என்று. அதற்கு மட்டும் சரியான நேரத்தில் போனோம். 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்தால் குற்றம், 1098க்கு ஒரு போன் போட்டால் போதும் என்று சொன்னோம். பாட்டி எங்களை வாசலில் நிற்க வைத்துத் திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது. ஆறு பேராகப் போனதால்தான் நின்றோம், ஒருத்தியாக இருந்தால் ஓடி வந்திருப்போம். அந்தப் பெண் பன்னிரண்டு முடித்துக் கல்லூரியில் சேர்ந்தாள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைத்தது. பிள்ளையை நிறுத்த நினைக்கிற அம்மா இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பள்ளியில் தொடர்ந்து படித்தால்தான் அந்த 1,000 ரூபாய், அரசுப் பள்ளியில் தொடர்ந்து படித்தால்தான் மருத்துவப் படிப்பில் அந்த 7.5 விழுக்காடு இடம். காலைச் சாப்பாடும் பள்ளிக்கூடத்தில்தான். 2023இல் திருக்குவளையில் தொடங்கி எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்ததே, அது.

பயத்தினால் நிறுத்த நினைப்பது வேறு விஷயம். அதை எங்களில் மூத்தவர் சொல்கிறார். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் போனார்கள். சமையல் கூடத்துத் தீ கூரையில் பிடித்தது. அக்காவின் மகன் அப்போது ஒன்றாம் வகுப்பு, வேறு பள்ளிக்கூடம். இருபது நாள் அனுப்பவில்லை. புத்தகப் பையை ஒளித்து வைத்தார். இருபத்தொன்றாம் நாள் மாமியார், "ஒளிச்சு வச்சா புள்ள பொழச்சிருமா? போய்க் கூரையப் பாத்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்தார். கீற்றுக் கொட்டகை இருந்தது. நாலு அம்மாக்களோடு போய்க் கேட்டார், அரசாங்கமும் கீற்றுக் கூரைகளை எடுக்கச் சொன்னது, எடுத்தார்கள். அப்போது நாம் வாசலில் நின்று கேட்டோம். இப்போது உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். நம் குழு உறுப்பினர்களில் எத்தனை பேர் அந்தக் கூட்டத்துக்குப் போய் வாயைத் திறந்திருக்கிறோம் என்று நாங்கள் கேட்கப் போவதில்லை. எங்களிலேயே இரண்டு பேர் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தவர்கள்.

கேள்வி கேட்ட தங்கச்சியோடு போன வாரம் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பையன் மூன்றாம் வகுப்பு. அவனுக்குத் திக்குவாய். சத்தமாக வாசிக்கச் சொன்னால் வார்த்தை வராது, மற்ற பிள்ளைகள் அதே மாதிரி பேசிக் காட்டுகிறார்கள். காலையில் வயிற்றுவலி என்று அழுவது அதனால்தான். டீச்சர் கெட்டவர் இல்லை. இரண்டு வகுப்பை ஒன்றாக வைத்துச் சமாளிக்கிறவர், கவனிக்கவில்லை. இனி அவனைத் தனியாக மேசைக்கு அழைத்து வாசிக்கச் சொல்கிறேன் என்றார். கேலி செய்த பிள்ளைகளில் ஒன்று எங்களில் ஒருவரின் பேரன். அந்த அக்கா வீட்டில் அன்று ராத்திரி என்ன நடந்தது என்று கேட்காதீர்கள்.

தங்கச்சிக்கு இன்னும் மனசு ஆறவில்லை. "ஒரு வருஷம் மட்டும் வச்சுக்கிறேனே" என்கிறாள். எங்களுக்குள்ளும் ஒரே கருத்து இல்லை. பட்டம் படித்தவர், அவள் படித்தவள், பொறுமை உள்ளவள், ஒரு பருவம் வைத்துப் பார்க்கட்டும் என்கிறார். மற்ற ஐந்து பேர் வேண்டாம் என்கிறோம். பேச்சு வராத பிள்ளை, பேச ஆளில்லாத வீட்டில் இருந்தால் இன்னும் வாய் மூடிப்போகும் என்பது எங்கள் பயம். திருப்பூர்ப் பையனின் தாய் ஒன்றும் சொல்லவில்லை. தங்கச்சி கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போன வாரம் ஐந்து நாளில் பையன் நாலு நாள் போயிருக்கிறான். முடிவு அவளுடையது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் தெருவில் அந்த மையம் இப்போது இல்லை. திண்ணை இருக்கிறது. புதன், சனி சாயங்காலம் மறுபடி தொடங்கியிருக்கிறோம். இந்த முறை வருகைப் பதிவேடு உண்டு. இரண்டு நாள் வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்றே ஒருவர் போக வேண்டும் என்று முறை போட்டிருக்கிறோம். நாலு கோரைப்பாய், ஒரு பல்பு, இரண்டு நோட்டு வாங்கக் குழுவின் பொது நிதியிலிருந்து பணம் கேட்டிருக்கிறோம். அது இன்றைய தீர்மானப் புத்தகத்தில் நான்காவதாக இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன்னால் படித்துப் பாருங்கள். கூட்டல் சரியாக இருக்கிறதா என்று ஆடிட்டரிடம் காட்டியாயிற்று.